போனட்டைத் திற: பெட்ரோல் வாடை போகவே மாட்டேன் என்கிறதா?

கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் மழைக்காலம் வந்தால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி வாடைக் கடிதங்கள்தான். வெயில் காலத்தில் ஜன்னல் வழியாகப் போய்விடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. இந்த முறை முழுக்கப் பெட்ரோல் வாடைதான். கும்பகோணத்து அன்பரின் கடிதத்துக்கு இடம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது 1999 மாடல் சின்ன கார், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம்) வைத்த வண்டி. அப்பா வாங்கியது, விற்க மனசில்லை. எட்டு மாதமாக உள்ளே பெட்ரோல் வாடை. முதல் ஷெட்டில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். இரண்டாவது ஷெட்டில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கிற வாஷர், கேஸ்கெட்டெல்லாம் புதிதாக வருகிற கிட் போட்டார்கள். மூன்றாமவர் ஃபில்டரையும் இன்ஜின் பக்கத்து ஹோஸ்களையும் மாற்றிவிட்டு, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். இதுவரை 11,000 ரூபாய் போயிருக்கிறது. ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால் பின்சீட்டில் பிள்ளைகள் தலைவலி என்கிறார்கள், பெரியவன் ஒருமுறை வாந்தியே எடுத்துவிட்டான். திரும்பி வரும்போது அவ்வளவாக இல்லை. மனைவி இனிமேல் பஸ்ஸிலேயே வந்துகொள்கிறேன் என்கிறார். என்னதான் செய்வது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: சார், விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஃபுல் டேங்க் அடித்துப் போகும்போது வாடை, திரும்பும்போது இல்லை. இதை அந்த மூன்று ஷெட்டிலும் ஒருவராவது கேட்டிருந்தால் உங்கள் பணம் மிச்சமாகியிருக்கும். பெட்ரோல் வாடை என்றதும் போனட்டைத் தூக்குவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம், எனக்கும் உண்டு. ஆனால் பம்ப்பும் கார்புரேட்டரும் டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டா வேலை செய்கின்றன? முன்னால் ஒழுகினால் முழு டேங்க்கிலும் ஒழுகும், கால் டேங்க்கிலும் ஒழுகும். நிரம்பியிருக்கும்போது மட்டும் வாடை வருகிறது என்றால், மட்டம் உயர்ந்தால் மட்டுமே பெட்ரோல் படுகிற ஏதோ ஓர் இடத்தில்தான் ஓட்டை. அந்த இடம் வண்டியின் பின்பக்கம், டேங்க்கின் தலைப்பகுதி.

அங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். பங்க்கில் பெட்ரோல் ஊற்றுகிற வாய்க்கும் டேங்க்குக்கும் நடுவில் கை மணிக்கட்டுத் தடிமனுக்கு ஒரு ரப்பர் ஹோஸ், அதை ஒட்டியே விரல் தடிமனில் காற்று வெளியேற ஒரு பிரீதர் ஹோஸ். டேங்க்கின் மேல் பெட்ரோல் அளவு காட்டுகிற கேஜ் யூனிட், அதற்கடியில் ஒரு ரப்பர் வாஷர். அப்புறம் மூடியும் மூடியின் வாஷரும். இவ்வளவுதான். 1999-ல் கம்பெனியில் போட்ட ரப்பர் இன்னும் அப்படியே இருக்கிறது என்றால் அது இத்தனை நாள் தாங்கியதே பெரிய விஷயம். என் கணிப்பு அந்தத் தடித்த ஹோஸ்தான், அதுவும் கிளிப் இறுக்கியிருக்கிற விளிம்பில். கேஜ் வாஷருக்கு இரண்டாம் இடம்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் வண்டியைக் கழுவாதீர்கள். சர்வீஸுக்கு விடும் முன் வாட்டர் வாஷ் அடித்துவிட்டுப் போகிற நல்ல பழக்கம் இந்த ஒரு வேலைக்கு எதிரி. பெட்ரோல் கசிந்தால் எண்ணெய் மாதிரி ஈரமாக நிற்காது, ஆவியாகிப் போய்விடும். ஆனால் போகும்போது அங்கிருக்கிற புழுதியைக் கழுவிக்கொண்டு போகும். அழுக்கேறிய டேங்க்கில் ஒரு கோடு மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்தக் கோட்டின் மேல்முனையில்தான் திருடன். சில இடங்களில் அதற்கு மாறாகப் பழுப்பாகக் கறை படிந்திருக்கும், பெட்ரோலில் இருக்கிற பிசின் காய்ந்து நிற்பது அது.

டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஷட்டர் போட்ட கார் ஷெட்டிலோ, கீழே குழி வெட்டிய சர்வீஸ் பேயிலோ கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு அது கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அதனால் தொங்கவிடுகிற வயர் பல்பு வேண்டாம். எல்.இ.டி. டார்ச்சைத் தூரத்திலேயே எரியவிட்டுக்கொண்டு பக்கத்தில் வாருங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும், பக்கெட் தண்ணீர் இதற்கு உதவாது.

பிறகு ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, வளைக்கும்போதுதான் கிளிப் ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கும். அப்படியும் தெரியவில்லையா, முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொஞ்சம் மூட்டுகளில் தூவிவிட்டு வண்டியை மூக்கு மேலே பார்க்கிற மாதிரி மேட்டில் அரைமணி நேரம் நிறுத்துங்கள். கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கறுத்துப்போகும். கேஜ் யூனிட்டைப் பார்க்கப் பல வண்டிகளில் பின்சீட்டைத் தூக்கினால் நாலு ஸ்க்ரூ போட்ட தகர மூடி ஒன்று இருக்கும், திறந்தால் டேங்க்கின் தலை தெரியும். அந்த மூடியைத் திறந்த உடனே குப்பென்று அடித்தால் வேலை முடிந்த மாதிரிதான். உங்கள் வண்டியில் மூடி இல்லை என்றால் டேங்க்கை இறக்கித்தான் பார்க்க வேண்டும், அதை ஷெட்காரரிடம் விட்டுவிடுங்கள்.

மூக்கை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால், முதல் இரண்டு நிமிஷத்துக்கு நம்பலாம். அதற்குப் பிறகு மூக்கு பழகிப்போய் ஒன்றும் இல்லை என்று சொல்லும். முப்பது வருஷம் ஷெட்டில் நின்ற எனக்கு அந்த இரண்டு நிமிஷம்கூடக் கிடையாது. என் சொந்த வண்டியில் ஒருமுறை இதே வாடை. இரண்டு வாரம் முன்பக்கத்தையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கோயிலுக்குக் கிளம்பி வந்த என் மனைவி கதவுக்குக் கைகூட வைக்காமல், "பின் டயர்கிட்டதானே வருது, நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க?" என்றார். குனிந்து பார்த்தால் பிரீதர் ஹோஸ். அதற்கு முந்தின வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்கவில்லை என்று ஹார்டுவேர் கடைத் தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டியது நானேதான். பெட்ரோல் ஆவியில் ஊறி உப்பி, தொட்டால் கொழுக்கட்டை மாவு மாதிரி இருந்தது. அந்தக் கதையை இன்றுவரை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். ஆகவே காலையில், ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த வண்டியின் கதவை உங்கள் வீட்டம்மாவைத் திறக்கச் சொல்லுங்கள். பின்சீட்டா, டிக்கியா, முன்னால் கால்மாட்டிலா என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது பெட்ரோலுக்கு என்றே வருகிற ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பதே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ரப்பர்களை அதற்கு ஏற்றபடி போட்டிருக்கிறார்கள், 1999-ல் அந்தப் பேச்சே கிடையாது. பழைய ரப்பர் எத்தனாலில் உப்பும், பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இன்னொரு விஷயம், சில ஹோஸ் எங்கேயும் ஒழுகாது, ஆனால் வியர்க்கும். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும், ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, பத்தடி தள்ளிப்போய் அந்தத் துணியை முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அந்த ஹோஸும் போக வேண்டியதுதான்.

வேலை முடிந்த அன்றே வாடை நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எட்டு மாத ஆவி, காருக்குள் தரையில் விரித்திருக்கிற மேட்டுக்கு அடியில் இருக்கிற ஃபெல்ட் என்கிற பஞ்சு விரிப்பில் ஊறியிருக்கும். மேட், ஃபெல்ட், பின்சீட்டு எல்லாவற்றையும் எடுத்து மூன்று நாள் வெயிலில் போடுங்கள், ஃபெல்ட்டில் சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு உதறுங்கள். இதைச் செய்யாமல் வாடை போகவில்லை என்று நாலாவது ஷெட்டுக்குப் போனால் அவர் திரும்பவும் பம்ப்பைத்தான் மாற்றுவார்.

அதுவரை, மேலே சொன்ன சோதனைக்குத் தவிர, பாதி டேங்க்குக்கு மேல் போடாதீர்கள். பிள்ளைகளை இந்த வண்டியில் ஏற்றவும் வேண்டாம்.

கேள்வி: 2004 மாடல் இன்ஜெக்‌ஷன் கார். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று நிமிஷம் போனட் பக்கம் பெட்ரோல் வாடை, வண்டி சூடானதும் போய்விடுகிறது. மைலேஜும் குறைந்திருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: பொறுக்காதீர்கள் அம்மா. காலை ஸ்டார்ட்டில் சைலன்சர் பக்கம் கொஞ்சம் வாடை வந்தால் அது சகஜம், குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். நீங்கள் சொல்வது போனட் பக்கம், அது வேறு. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் லைனில் இருக்கிற அழுத்தம் பெயருக்குத்தான், ஒரு சைக்கிள் டியூப்பில் இருப்பதைவிட மிகக் குறைவு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சுமார் 3 பார் (அழுத்தத்தின் அளவு), கார் டயரில் இருப்பதைவிட அதிகம். ஊசி முனை ஓட்டை இருந்தால் போதும், சொட்டாது, ஸ்ப்ரே அடிக்கும், அதுவும் சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில்.

பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) இறுகிப்போயிருக்கலாம். ஆறியிருக்கும்போது சுருங்கிக் கசியும், சூடானதும் உப்பி அடைத்துக்கொள்ளும், நீங்கள் சொல்கிற அடையாளத்தோடு இது ஒத்துப்போகிறது. மைலேஜ் குறைந்ததால், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் மேலும் எனக்குச் சந்தேகம். உங்கள் வண்டியில் ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே இருக்கிற வகை என்றால் அதில் ஒரு மெல்லிய வேக்குவம் ஹோஸ் மாட்டியிருக்கும். மெக்கானிக்கை அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காற்று மட்டும் போக வேண்டிய குழாய் அது, உள்ளே ஒரு துளி பெட்ரோல் இருந்தாலும் ரெகுலேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்கிற ரப்பர் திரை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியாகப் பெட்ரோல் நேரே இன்ஜினுக்குள் போகிறது, மைலேஜ் குறையாமல் என்ன செய்யும்?

ஹோஸ் மாற்றினால் அதன் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 (SAE J30 R7) என்று இருந்தால் அது கார்புரேட்டர் வண்டிக்கானது, ஆர்9 என்று இருந்தால் இன்ஜெக்‌ஷனுக்கானது. டேங்க்குக்குள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிற துண்டுக்கு ஆர்10 வேண்டும். மூன்றும் கடையில் ஒரே கறுப்புதான். கிளிப்பும் ஓரம் மழுங்கியதாக இருக்கட்டும், சாதாரண ஸ்க்ரூ கிளிப்பின் பல் ஹோஸை அறுத்துவிடும்.

இன்ஜின் துடித்து ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கிற கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் செக்கச்செவேல் என்று ஆக்கிவிடும். 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய காலத்திலிருந்து காய்ந்த வைக்கோல் மேல் காரை நிறுத்தாதே என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், கேட்பவர் குறைவு.

கேள்வி: 1986 மாடல் கார்புரேட்டர் வண்டி. ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் பெட்ரோல் வாடை, அரைமணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் அடம் பிடிக்கிறது. ராத்திரி நிறுத்தினால் காலையில் நன்றாக எடுக்கிறது.
— வாசகர், உதகமண்டலம்

பதில்: ஓடும்போது காற்றுப் பட்டுக் குளிர்கிற கார்புரேட்டர், நிறுத்தியதும் இன்ஜின் சூட்டில் வேகும். உள்ளே இருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாக வெளியே வரும். அந்தக் காலத்து வண்டிகளில் இந்த ஆவியைப் பிடித்து வைக்கிற கரி டப்பா கிடையாது, அதனால் லேசான வாடை இருக்கத்தான் செய்யும். உங்கள் ஊருக்கு மலையேறி வந்த பழைய அம்பாசிடர், பத்மினி டிரைவர்களைக் கேளுங்கள், பர்லியாறில் நிறுத்தி ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேல் போட்டுவிட்டு டீ குடித்த கதையைச் சொல்வார்கள்.

ஆனால் ஸ்டார்ட் ஆக அடம் பிடிப்பதால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்கிற ஃப்ளோட்டுக்கு மேலே, பெட்ரோல் வரவை அடைக்கிற ஊசி வால்வு சரியாக உட்காரவில்லை என்று நினைக்கிறேன். நிறுத்திய பிறகும் லைனில் மிச்சமிருக்கிற பெட்ரோல் உள்ளே வழிந்து இன்ஜினை நனைத்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் எடுக்கிறதா பாருங்கள். எடுத்தால் சந்தேகமே இல்லை, ஊசியையும் அதன் சீட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கூடவே ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவி முகர்ந்து பாருங்கள். இந்த வகை வண்டிகளில் இன்ஜினே இயக்குகிற மெக்கானிக்கல் பம்ப்பில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டும் ஒழுகாது, இன்ஜின் ஆயிலோடும் கலக்கும். ஆயில் குறையவேண்டியது போய் மட்டம் ஏறிக்கொண்டே வரும். "எங்க வண்டி ஆயிலே குடிக்காது" என்று பெருமையாகச் சொன்ன ஒருவரின் டிப்ஸ்டிக்கில் நான் பெட்ரோலை முகர்ந்திருக்கிறேன். அப்படி இருந்தால் பம்ப்பையும் ஆயிலையும் மாற்றாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

கேள்வி: பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் போடச் சொல்வேன். அதற்கும் வாடைக்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகர், கரூர்

பதில்: உண்டு. மேலே சொன்ன கரி டப்பா உங்கள் வண்டியில் இருந்தால் அது ஆவியைப் பிடிக்கத்தான், திரவத்தைப் பிடிக்க அல்ல. கழுத்துவரை ஊற்றினால் பெட்ரோல் அதற்குள் போய்க் கரியை ஊறவைத்துவிடும், பிறகு அது எதையும் பிடிக்காது. கிளிக் என்றதும் துப்பாக்கியை எடுக்கச் சொல்லுங்கள். சில்லறைக்காக 18 ரூபாய்ப் பெட்ரோலை டப்பாவுக்குள் ஊற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கேஸில் ஓடுகிற வண்டி. இரண்டு வருஷமாகப் பெட்ரோலைத் தொடவே இல்லை. போன வாரம் பெட்ரோலுக்கு மாற்றியதும் ஒரே வாடை.
— வாசகர், சிவகாசி

பதில்: கார்புரேட்டர் வண்டி என்று எடுத்துக்கொள்கிறேன். பெட்ரோல் படாமலே கிடந்தால் உள்ளே இருக்கிற கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் காய்ந்து அப்பளமாகிவிடும். கிட் போட வேண்டியதுதான். இனிமேல் வாரத்துக்கு ஒருநாளாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள். ஆனால் வருவது பெட்ரோல் வாடைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி இருந்தால் அது கேஸ், கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்த்த நாற்றம் அது. அப்படியென்றால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, கேஸ் கிட் பார்க்கிற ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: டேங்க்கில் சின்ன ஓட்டை. மெக்கானிக் துணி சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டார், நிஜமாகவே நின்றுவிட்டது! இப்படியே விடலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது, அதனால் நிற்கிறது. நடுவழியில் வீடு வந்து சேர இதைவிட மலிவான வைத்தியம் இல்லை, நானும் பலமுறை செய்திருக்கிறேன். ஆனால் முதல் மழையில் சாலைத் தண்ணீர் அடித்தால் போய்விடும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் ஓர் இடத்தில் துரு துளைத்திருக்கிறது என்றால், டேங்க்கைத் தாங்குகிற பட்டைக்கு அடியில் சேறு தேங்கி இன்னும் நாலு இடத்தில் துளைக்கக் காத்திருக்கும். டேங்க்கை இறக்கிப் பாருங்கள். விரலால் அழுத்தினால் அமுங்குகிற இடம் இருந்தால் வேறு டேங்க்தான்.

வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், "பெட்ரோலைக் காலி பண்ணிட்டோம் சார், பயமில்லை" என்பார்கள். நிரம்பிய டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். நீராவி விட்டுக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த ரேடியேட்டர், டேங்க் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். அதுவும் நீங்கள் கொண்டுபோன மறுநாள் காலையில் செய்து தருவதாகச் சொன்னால் கொடுங்கள், அரைமணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம்.